கரிசல் மண்ணின் இயல்பும் வகையும்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர், அருப்புக்கோட்டை, கமுதி, சங்கரன்கோவில் ஆகிய பகுதிகளில் வாழ்வோருக்குக் கரிசல் மண் இன்னதென்று எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் காலை இழுப்பதும் கோடையில் வாய் பிளந்து கிடப்பதுமாகிய அந்நிலத்தில்தான் அவர்கள் பிறந்து வளர்ந்திருக்கிறார்கள். கொங்கு நாட்டில் பல்லடம், உடுமலைப்பேட்டைப் பகுதிகளிலும், நடுநாட்டை ஒட்டிய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலும் இம்மண் உண்டு. ஆயினும், கரிசல் என்ற ஒரே பெயரால் நாம் வழங்குவது உண்மையில் ஒரே மண் அன்று. ஓர் ஊரின் எல்லைக்குள்ளேயே முழங்கால் ஆழக் கரிசலும், ஆள் உயரத்திற்கு மேல் ஆழமுள்ள கரிசலும், அடியில் சுக்கான் படிந்த கரிசலும், உவரேறிய கரிசலும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. மேலே நின்று பார்ப்பவருக்கு எல்லாம் கறுப்பாகவே தோன்றும். இவ்வேறுபாட்டை அறியாது விதைக்கும் விவசாயிக்கு ஒரு வெள்ளாமை நட்டமாகிறது. அறியாது கட்டடம் எழுப்பும் ஊராட்சிக்கோ பொதுப்பணம் நட்டமாகிறது. இந்த இரண்டாம் வகை நட்டத்திற்கு நானே ஒருமுறை கையொப்பமிட்டிருக்கிறேன். அதனைக் கட்டடங்களைப் பற்றிப் பேசுமிடத்தில் கூறுகிறேன். முதலில் மண்ணைப் பார்ப்போம்.

கறுப்பாக இருப்பதால் கரிசல் சத்து மிகுந்தது என்ற எண்ணம் பரவலாக இருந்து வருகிறது. இது பாதி உண்மையே. சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம், சாம்பல் சத்து ஆகியவை இம்மண்ணில் தாராளமாக உண்டு. ஆனால் தழைச்சத்து குறைவு. மணிச்சத்து இருந்தாலும் சுண்ணாம்போடு பிணைந்து பயிருக்கு எளிதில் கிட்டாமற் போகிறது. துத்தநாகமும் பல இடங்களில் போதவில்லை. நிறத்தைக் கண்டு, மக்கிய தழை எருவே அக்கறுப்பிற்குக் காரணம் என்று கருதுவதும் தவறு. மானாவாரிக் கரிசலில் மக்குப் பொருள் மிகச் சொற்பமே. அச்சொற்பமான மக்கு, களித்துகளோடு இறுகப் பிணைந்து நிலம் முழுவதற்கும் கருநிறம் பூசிவிடுகிறது. ஆகவே, ‘கறுப்பு மண்ணுக்கு எரு எதற்கு?’ என்று கேட்பவர், சாயத்தைப் பார்த்துத் துணியின் நெருக்கத்தை மதிப்பிடுபவரை ஒப்பர்.

இம்மண்ணின் உயிர்நிலை அதன் களியில் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரை ஐந்நூறாகப் பகுத்தால் வரும் ஒரு பங்கினும், அதாவது 0.002 மில்லிமீட்டரினும், சிறிய துகளையே மண்ணியலார் களி என்கின்றனர். நல்ல கரிசலில் நூற்றுக்கு 40 முதல் 60 பங்குவரை களியாகவே இருக்கும். செவல் நிலத்திலும் களி உண்டு. ஆனால் அதன் ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பவை. நீர் அவற்றின் இடையே புகாது. கரிசலிலுள்ள களியோ வேறு இனம். பிரான்சு தேசத்தில் மான்ட்மொரிலான் என்னும் ஊரின் பெயரால் அதற்கு மான்ட்மொரிலோனைட் என்று பெயர். இதன் ஏடுகளுக்கிடையே நீர் புகுந்து அவற்றை விலக்கிவிடும். நீர் வற்றினால் அவை மீண்டும் நெருங்கிக்கொள்ளும். அவல் நனைந்தால் பருப்பதும் உலர்ந்தால் சுருங்குவதும் போன்றதே இது. இக்களியின் ஒரு கிராமிலுள்ள ஏடுகளையெல்லாம் பிரித்துப் பரப்பினால் 600 முதல் 800 சதுர மீட்டர் வரை, அதாவது 15 முதல் 20 சென்ட் வரை, பரப்புக் கிடைக்கும். ஒரு சிட்டிகை மண்ணுக்குள் ஒரு வீட்டு மனையைவிட அகன்ற பரப்பு மடிந்து கிடக்கிறதென்றால், அது எவ்வளவு நீரைப் பற்றி வைத்துக்கொள்ளும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

மராட்டியத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் உள்ள கரிசல், சுமார் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியைப் பிளந்து பரவிய எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் பாறையிலிருந்து உண்டானது. பள்ளிப் பாடங்களில் இதனைப் படித்த நம் பிள்ளைகள், நம் ஊர்க் கரிசலும் எரிமலை தந்ததே என்று எண்ணுகின்றனர். கோவில்பட்டிப் பக்கத்தில் அத்தகைய பாறை கிடையாது. அங்குள்ள அடிப்பாறை பழமையான நைஸ் இனப் பாறையாகும். அப்பாறையின் சுண்ணாம்பும் மக்னீசியமும் கலந்த கனிமங்கள் சிதைந்து, மழைநீரோடு இறங்கித் தாழ்ந்த சமநிலத்தில் தேங்கின. குறைந்த மழையில் அவை அடித்துச் செல்லப்படாமல் அங்கேயே கூடி இக்களியாக மாறின. அரியலூர்ப் பக்கத்திலோ, பழங்காலத்தில் கடல் படிய வைத்த சுண்ணாம்புப் பாறையும் களிப்பாறையும் கரிசலுக்குத் தாயாக அமைந்தன. மேட்டில் செவலும் பள்ளத்தில் கரிசலுமாக ஒரே ஊரில் இரண்டும் காணப்படுவதன் காரணம் இதுவே. மேடு சத்துகளை இழந்தது. பள்ளம் அவற்றை வாங்கி வைத்துக்கொண்டது.

இனி, இம்மண் நகரும் விதத்தைக் கவனிப்போம். கோடையில் நீர் வற்றியதும் களி சுருங்கி நிலம் வெடிக்கிறது. கை நுழையும் அகலமும் ஒரு மீட்டருக்கு மேற்பட்ட ஆழமும் உள்ள வெடிப்புகள் ஆழக் கரிசலில் புதுமை அல்ல. மேலேயுள்ள பொடிமண் காற்றாலும் கால்நடைகளின் காலாலும் அவ்வெடிப்புகளுக்குள் உதிர்கிறது. பின்னர் மழை பெய்து அடிமண் பருக்கும்போது, உதிர்ந்து சேர்ந்த மண்ணுக்கும் சேர்த்து இடம் வேண்டியிருக்கிறது. இடமின்மையால் மண் பக்கவாட்டில் நெருக்குண்டு, சாய்வாக மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. இதனால் கரிசலைத் தன்னைத்தானே உழுதுகொள்ளும் மண் என்று முன்னாளில் கூறினர். மேலிருப்பது கீழும் கீழிருப்பது மேலுமாக முழுதும் கலந்துவிடுகிறது என்று அப்போது எண்ணினார்கள். அவ்வாறு கலந்தால் மேலிருந்து கீழ்வரை சுண்ணாம்பும் மக்கும் ஒரே அளவில் அன்றோ இருக்க வேண்டும்? ஆராய்ந்தபோது, ஆழத்திற்கு ஆழம் அவை மாறுபடுவது தெரிந்தது. ஆகவே கலப்பு மிக மெதுவாகவே நடக்கிறது என்றும், பக்கவாட்டு நெருக்கமே முக்கியமானது என்றும் இன்று கருதுகின்றனர். அந்நெருக்கத்தின் அடையாளத்தை எவரும் காணலாம். குழி வெட்டி, இரண்டு மூன்று அடி ஆழத்திலிருந்து ஒரு கட்டியைப் பெயர்த்தெடுத்தால், அதன் சாய்ந்த முகம் எண்ணெய் தடவியது போலப் பளபளப்பாகவும், இழுத்த கீறல்களோடும் இருக்கும். மண்மேல் மண் வழுக்கிச் சென்ற தடம் அது. கரிசலின் கையெழுத்து என்றே அதனைச் சொல்லலாம்.

இந்த அசைவே கரிசலைப் புல்வெளி நிலமாக்கிற்று. ஆண்டுதோறும் வெடித்து மூடும் மண்ணில் மரத்தின் தடித்த வேர்கள் அறுபடுகின்றன. புல்லின் மெல்லிய வேர்களோ கோடையில் காய்ந்து, முதல் மழையில் மீண்டும் துளிர்த்துவிடும். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துக் கருநிலப் புல்வெளியும், ஆஸ்திரேலியாவின் கருமண் மேய்ச்சல் வெளிகளும், சூடான் நாட்டுக் களிமண் சமவெளியும் இவ்வினத்தவையே. நம் கரிசலிலும் தரிசாக விட்ட புன்செயில் அருகும் கோரையும் ஊசிப்புல்லும் முதலில் வந்து பரவுகின்றன. மரமென்று நிற்பவை பெரும்பாலும் வேலும் உடையுமே. சீமைக்கருவேல் பிற்காலத்தில் வந்து புகுந்தது. அறுவடை முடிந்த கரிசலில் ஆட்டுக்கிடை போடும் வழக்கம் இந்நிலத்தின் இயல்பை நன்கறிந்த முன்னோர் செய்த ஏற்பாடாகும். தழைச்சத்து குறைந்த மண்ணுக்கு அதைவிட எளிய எரு வேறில்லை. இந்த வழக்கம் அருகி வருவதைக் குறித்து எனக்கு வருத்தமுண்டு.

நீரைப் பொறுத்தமட்டில் கரிசல் இரு வேறு முகங்கள் கொண்டது. ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் 1972-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இக்ரிசாட் என்னும் பன்னாட்டு ஆராய்ச்சி நிலையத்தில் இதனை அளந்து பார்த்திருக்கிறார்கள். காய்ந்து வெடித்த கரிசலில் முதல் அரை மணி நேரத்தில் மணிக்குச் சுமார் 76 மில்லிமீட்டர் வீதம் நீர் இறங்கியது. ஆறு நாட்கள் நனைந்த பின்னரோ மணிக்கு 0.2 மில்லிமீட்டர் அளவே இறங்கியது. அதாவது, முதலில் வாயைத் திறந்து விழுங்கும் நிலம், வயிறு நிரம்பியதும் வாயைத் தைத்துக்கொள்கிறது. ஆதலின் பருவத்தின் முதல் மழைகளே நிலத்திற்குள் செல்பவை. அதன்பின் பெய்வது தேங்கி நிற்கும். அல்லது சரிவில் ஓடி மேல்மண்ணையும் கூட்டிச் செல்லும். நிலம் பார்ப்பதற்குச் சமமாக இருக்கிறது என்று வரப்பு எடுக்காது விடுபவர்கள் இதனைக் கருத வேண்டும். கோடையில் உழுது, சரிவுக்குக் குறுக்கே சால் பிடித்து, சிறு சிறு பகுதிப் பாத்திகளாகத் தடுத்து வைத்தால், வெடிப்பு மூடுமுன் பெய்யும் மழை அந்தந்த இடத்திலேயே இறங்கும். மழை மிகுந்து நீர் தேங்கும் ஆழக் கரிசலுக்கு ஒரு மீட்டர் அகல மேட்டுப்பாத்தியும் அதனையடுத்து அரை மீட்டர் அகலச் சாலுமாக அமைக்கும் முறை இக்ரிசாட் நிலையத்தார் வகுத்தது. ஓரளவு சரிவோடு அமைத்தால் மிகுநீர் மெதுவாக வடிந்து பண்ணைக்குட்டைக்குச் செல்லும். கரிசலில் வெட்டிய குட்டை நீரை நன்கு தாங்கும். ஆனால் கரையைச் செங்குத்தாக வெட்டினால் முதல் மழையிலேயே சரிந்துவிடும்.

மழை பெய்த பின் விதைக்கலாம் என்று காத்திருப்பவர் படும் பாட்டை நான் விவரிக்க வேண்டுவதில்லை. ஒரு நாள் முந்தினால் சேறு; சில நாள் பிந்தினால் கல். நிலத்திற்குள் ஏர் இறங்கத்தக்க நாட்கள் மிகச் சிலவே. புரட்டாசியில், மழைக்கு முன்பே, உலர்ந்த மண்ணில் விதையைச் சுமார் இரண்டு அங்குல ஆழத்தில் இட்டுவிடும் முறை இதற்காகவே பரிந்துரைக்கப்படுகிறது. ஆழத்தில் கிடக்கும் விதை சிறு தூறலுக்கு முளைத்து ஏமாறாது. உழவு மழை பெய்த பின்னரே முளைக்கும். இம்முறை ஆழக் கரிசலுக்கு ஏற்றது. ஆழமற்ற கரிசலில் மழை தவறினால் முளைத்த பயிரைத் தாங்கும் ஈரம் கீழே இராது. மண்ணின் வகையை அறிய வேண்டியதன் அவசியம் இங்கேதான் தொடங்குகிறது.

வகைப்படுத்துதல் நமக்குப் புதியதன்று. விவசாயிகள் ஊருக்கு ஊர் தத்தம் வழக்கப்படி சுக்கான் கரிசல், மணற்கரிசல், உவர்க்கரிசல் என்று பெயரிட்டே பேசுகின்றனர். வருவாய் இலாகாவின் கணக்கிலும் ஒரு வகைப்பாடு உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள ‘அ’ பதிவேட்டைப் புரட்டினால், ஒவ்வொரு புல எண்ணுக்கும் எதிரே ‘மண் வயனமும் ரகமும்’ என்ற தலைப்பின் கீழ் இரண்டு எண்களைக் காணலாம். வெள்ளைக்காரர் ஆட்சியில் நில வரித்திட்டம் செய்த அதிகாரிகள் கரிசலைத் தனி இனமாகப் பிரித்து, அதனுள் களி மிகுந்தது, களியும் மணலும் கலந்தது, மணல் மிகுந்தது என்று உட்பிரிவு செய்தனர். கரிசலுக்கு அவர்கள் வழங்கிய ‘ரேகர்’ என்ற பெயர், தெலுங்கர் சொல்லும் ‘ரேகடி’ என்பதன் திரிபாகும். அந்த எண்கள் இன்றும் பயனுள்ளவையே. ஆனால் அவை தீர்வை விதிப்பதற்காகக் கைக்கொண்ட பிரிவுகள். மண் எவ்வளவு ஆழம், அடியில் உவர் உண்டா என்பவற்றை அவ்வெண்களைக் கொண்டு அறிய முடியாது.

அறிவியலார் செய்த வகைப்பாடு மண்ணின் குணத்தையே அடிப்படையாகக் கொண்டது. முன்பு இம்மண்ணைக் குருமுசால் என்றும் அழைத்தனர். இலங்கையில் மன்னாரை அடுத்த முருங்கன் பகுதிக் கருமண்ணுக்கு அந்நாட்டு மண் நூல்களில் இப்பெயரே வழங்குகிறது. 1960-ஆம் ஆண்டில் அமெரிக்க விவசாய இலாகாவினர் வெளியிட்ட புதிய திட்டமும், 1975-இல் வெளிவந்த அதன் முழு நூலும் இம்மண்ணுக்கு வெர்ட்டிசால் என்று பெயரிட்டன. திரும்புதல், புரளுதல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அப்பெயர். உலகத்து மண்ணையெல்லாம் பன்னிரண்டு பெருவகைகளாக இன்று அவர்கள் பிரிக்கின்றனர். அவற்றுள் இது ஒன்று. நாகபுரியில் 1976-இல் அமைந்த தேசிய மண் ஆய்வு மற்றும் நிலப்பயன் திட்டப் பணியகம் நம் நாட்டிலும் இம்முறையைக் கையாள்கிறது.

ஒரு மண் வெர்ட்டிசால் எனப்படுவதற்கு மூன்று இலக்கணங்கள் வேண்டும். மேலிருந்து அரை மீட்டர் வரையிலாவது களி நூற்றுக்கு 30-க்குக் குறையாதிருக்க வேண்டும். ஆண்டுதோறும் திறந்து மூடும் வெடிப்புகள் வேண்டும். ஒரு மீட்டர் ஆழத்திற்குள், நான் மேலே கூறிய வழுக்குத் தடங்களோ ஆப்புப் போன்ற சாய்ந்த கட்டிகளோ உள்ள அடுக்கு ஒன்று, கால் மீட்டர் கனத்திற்குக் குறையாமல் இருக்க வேண்டும். நிறம் இவ்விலக்கணத்தில் இடம்பெறவில்லை என்பதைக் கவனிக்கவும். கறுப்பாயில்லாத வெர்ட்டிசாலும் உண்டு. கறுப்பாயிருந்தும் வெர்ட்டிசால் ஆகாத மண்ணும் உண்டு.

மண் வரைபடத்தில் காணும் பெயர்கள் வாயில் நுழையாதவை போல் தோன்றினும், பின்னிருந்து முன்னாகப் படித்தால் பொருள் விளங்கும். ‘ஹாப்ளஸ்டர்ட்’ என்ற பெயரில் கடைசியிலுள்ள ‘எர்ட்’ வெர்ட்டிசாலைக் குறிக்கும். அதற்கு முன்னுள்ள ‘அஸ்ட்’ ஆண்டில் 90 நாட்களுக்குக் குறையாமல் வெடித்துக் கிடக்கும் வறள்நிலத்தைக் குறிக்கும். ‘ஹாப்ள’ என்பது வேறு சிக்கல் இல்லாத எளிய வகை என்பதாகும். அப்பெயருக்கு முன்னால் ‘டிப்பிக்’ என்றிருந்தால் இயல்பான ஆழக் கரிசல். ‘லெப்டிக்’ என்றிருந்தால் ஒரு மீட்டருக்குள் பாறையோ மக்கிய பாறையோ தட்டும். ‘சோடிக்’ என்றிருந்தால் சோடியம் ஏறிய களர்க் கரிசல். ‘ஹாப்ள’ என்பதற்குப் பதிலாகக் ‘கால்சி’ என்று வந்தால் சுண்ணாம்பு திரண்ட அடுக்கு உள்ளது. இன்னும் ஆழம் குறைந்து, வெடிப்பு மட்டும் இருந்து பிற இலக்கணங்கள் நிறையாத கருமண், வெர்ட்டிசால் இனத்தைவிட்டே விலகி ‘வெர்டிக் ஹாப்ளஸ்டெப்ட்’ போன்ற பெயரில் வேறு பெருவகைக்குச் சென்றுவிடும். நம் கண்ணுக்கு அதுவும் கரிசல்தான். நூலின்படி அது வேறு மண். இதனைப் பண்டிதர்களின் பிடிவாதம் என்று நானும் ஒரு காலத்தில் எண்ணியதுண்டு. ஒரு மீட்டருக்கு மேல் ஆழமுள்ள கரிசல், பயிரின் வேர் எட்டும் அளவில் ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் மழைக்கு ஈடான நீரைச் சேமித்து வைக்கும். ஒன்றரை அடிக் கரிசலோ அதில் ஒரு பகுதியையே வைக்கும். கார்த்திகையோடு மழை நின்றுவிட்டால், முன்னதில் பருத்தி தை, மாசி வரை தாக்குப்பிடிக்கும். பின்னதில் மார்கழியிலேயே வாடும். பெயர் வேறுபாட்டின் பின்னே நிற்பது இதுதான்.

ஆகவே ஆழக் கரிசலில் பருத்தி, சோளம், மக்காச்சோளம், கொத்தமல்லி முதலிய நீண்டகாலப் பயிர்களையும், ஆழமற்றதில் உளுந்து, பாசிப்பயறு, கம்பு, குதிரைவாலி முதலிய குறுகியகாலப் பயிர்களையும் இடுவதே முறை. களர்க் கரிசலுக்கு முதலில் ஜிப்சம் இட்டுச் சோடியத்தை வெளியேற்ற வேண்டும். அதற்கு வடிகாலும் வேண்டும். வடிகாலின்றி ஜிப்சம் இடுவது வீண். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாயிருந்து, அதனை ஆண்டுக்கணக்கில் பாய்ச்சினால், நல்ல கரிசலும் களராகிவிடும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். செவல் நிலத்தில் மழைநீர் உப்பைக் கழுவிக் கீழே இறக்கிவிடும். நீர் இறங்காத கரிசலில் அது நடவாது. கிணறு வெட்டியவர் மண்ணைப் பரிசோதிப்பதற்கு முன் தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும். கண்மாய்க் கரம்பையைப் பற்றியும் ஒரு சொல். கரம்பையும் பெரும்பாலும் களியே. அதனைச் செவலுக்கு அடித்தால் நீர் பிடிக்கும் தன்மை கூடும். ஏற்கெனவே களி மிகுந்த கரிசலுக்கு அடிப்பதில் அத்தகைய பயன் இராது. கரிசலுக்கு வேண்டுவது தொழு எருவும், கிடைக்குமானால் செம்மண் அல்லது மணற்பாங்கான மண்ணுமாகும். இலவசமாகக் கிடைக்கிறதென்று வண்டி கணக்கில் எல்லோரும் எல்லா நிலத்திலும் கொட்டுவது வழக்கமாகி வருகிறது.

மத்திய அரசு 2015-ஆம் ஆண்டில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தின் மூலம் பலருக்கு அட்டை கிடைத்திருக்கிறது. அதில் சத்துகளின் அளவும் கார அமில நிலையும் உப்பின் அளவும் இருக்கும். ஆயினும் அது மேல் அரை அடி மண்ணின் கணக்கு மட்டுமே. ஆழத்தை அறியக் குழிதான் வழி. பங்குனி, சித்திரையில், ஐந்தடி நீளம், மூன்றடி அகலம், ஐந்தடி ஆழத்தில் ஒரு குழி வெட்டினால் போதும். வெடிப்பு எவ்வளவு ஆழம் செல்கிறது, வழுக்குத் தடம் எங்கே தொடங்குகிறது, சுக்கான் எங்கே தட்டுகிறது, வெள்ளைப் பூப்பு உண்டா என்று பார்த்து, அரையடிக்கு ஒரு பிடி மண் தனித்தனியே எடுத்து வைக்கலாம். ஈரமாயிருக்கும்போது குழிக்குள் இறங்கலாகாது. கரிசல் சுவர் முன்னறிவிப்பின்றிச் சரியும்.

இனிக் கட்டடங்களைப் பற்றி.

நான் இப்பணிக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் ஓர் ஊராட்சியில் இரண்டு வகுப்பறைகள் கட்டினோம். அதே ஆண்டு செவல் மேட்டிலிருந்த வேறோர் ஊரில் அதே வரைபடத்தின்படி கட்டிய வகுப்பறைகள் இன்றும் நன்றாக உள்ளன. இரண்டிற்கும் ஒரே மதிப்பீடு. ஒரே மூன்றடி அஸ்திவாரம். மதிப்பீட்டைப் பார்வையிட்டு ஒப்பமிட்டவன் நான். மண் எத்தகையது என்று கேட்கும் எண்ணமே எனக்கு எழவில்லை. கோடையில் கட்டி முடித்தோம். முதல் மழைக்காலத்தில் கதவுகள் நிலையில் இறுகின. அடுத்த கோடையில் மூலைச் சுவர்களில் ஏணிப்படி போல் விரிசல் கண்டது. பூசி மறைத்தோம். மூன்றாம் ஆண்டு அவ்விரிசலில் விரல் நுழைந்தது. பிள்ளைகளை வெளியேற்றிப் பூட்டினோம். இரண்டு ஆண்டுகள் அப்பிள்ளைகள் கோயில் மண்டபத்தில் படித்தார்கள். அவ்வூர்ப் பெரியவர் ஒருவர், நான் பார்வையிடச் சென்றபோது, “அந்த இடத்திலே நாங்கள் படப்புத்தான் போடுவோம் ஐயா, சுவர் எழுப்ப மாட்டோம்” என்றார். ‘முன்பே சொல்லியிருக்கலாமே’ என்றேன். யாரும் கேட்கவில்லை என்றார். அதற்கு நான் சொல்லத்தக்க மறுமொழி ஒன்றுமில்லை.

நடந்தது இதுதான். கட்டடம் மூடியிருக்கும் நடுப்பகுதியில் மண்ணின் ஈரம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கிறது. ஓரங்களில் மட்டும் மழையில் நனைந்து பருப்பதும் கோடையில் காய்ந்து சுருங்குவதும் மாறி மாறி நிகழ்கின்றன. நடு அசையாதிருக்க, மூலைகள் ஏறி இறங்கினால் சுவர் பிளக்காமல் என்செய்யும்? சுவரையொட்டி நட்ட வேம்பு ஒன்றும் ஒரு மூலையின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஆழக் கரிசலில் பருவத்திற்குப் பருவம் ஈரம் மாறும் எல்லை சுமார் மூன்றரை மீட்டர் வரை செல்லக்கூடும். மூன்றடி அஸ்திவாரம் அந்த அசைவின் நடுவிலேயே உட்கார்ந்திருந்தது.

இதற்கு மாற்று இல்லாமலில்லை. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் நம் நாட்டில் வளர்த்துப் பரப்பிய அண்டர் ரீம்டு பைல் என்னும் முறையில், மூன்றரை மீட்டருக்குக் குறையாத ஆழத்திற்குத் துளையிட்டு, அடியில் துளையின் விட்டத்தைப் போல் இரண்டரை மடங்கு அகன்ற குமிழ் அமைத்துக் கான்கிரீட் இடுகின்றனர். அசையாத ஆழத்தில் அக்குமிழ் நங்கூரம் போல் பிடித்துக்கொள்ளும். தூண்களை இணைக்கும் பீமுக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும். விடாவிட்டால் பருக்கும் மண் பீமையே தூக்கும். செலவு சற்றுக் கூடுதல்தான். ஆனால் கரிசல் நாலடிக்குள் முடிந்து சரளையோ பாறையோ தட்டுமானால் இத்தனையும் வேண்டாம். அதுவரை தோண்டி அதன்மேல் அஸ்திவாரம் அமைத்தாலே போதும். செலவு கூடுமா குறையுமா என்பதை முடிவு செய்வது மீண்டும் அந்தக் குழியே. எவ்வகையாயினும், சுவரைச் சுற்றி மூன்றடி அகலத் தளமும் கூரைநீர் தொலைவில் வடிய வாய்க்காலும் வேண்டும். குடிநீர்க் குழாய் இணைப்பு ஒழுகினால் அன்றே சரிசெய்ய வேண்டும். மரங்களைச் சுவரிலிருந்து தள்ளி நட வேண்டும்.

மண் எவ்வளவு பருக்கும் என்பதை அறிய எளிய சோதனை ஒன்று இந்தியத் தர விதிகளிலேயே உள்ளது. உயர்நிலைப் பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் 100 மில்லிலிட்டர் அளவு ஜாடிகள் இரண்டு கிடைக்கும். நன்கு உலர்த்தி நுண்ணிய சல்லடையில் சலித்த மண் பத்துப் பத்துக் கிராம் இரண்டிலும் இட்டு, ஒன்றில் காய்ச்சி வடித்த நீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றி, கலக்கி, ஒரு நாள் விட்டுவைக்க வேண்டும். மண்ணெண்ணெயில் களி பருக்காது. அதில் மண் 10 அளவும் நீரில் 18 அளவும் நின்றால், பருப்பு நூற்றுக்கு 80. ஐம்பதைத் தாண்டினால் மிக அதிகம் பருக்கும் மண் என்று கொள்ளலாம். பொறியாளரின் முறையான பரிசோதனைக்கு இது ஈடாகாது. ஆனால் அப்பரிசோதனையை வற்புறுத்திக் கேட்கும் துணிவை ஊராட்சி உறுப்பினருக்குத் தரும். ஜாடிகள் இரண்டையும் கூட்ட மேசைமேல் வைத்தாலே போதும், பேச்சு வேண்டியதில்லை.

அந்த இரு வகுப்பறைகளையும் பின்னர் இடித்துவிட்டு, அதே வளாகத்தில், குழி வெட்டிப் பார்த்து, தூண் அஸ்திவாரத்தின்மேல் புதிதாகக் கட்டினோம். அதன்பின் நான் பொறுப்பேற்ற வட்டாரங்களில், கரிசல் ஊர்களிலிருந்து கட்டட வேலைக்கு மதிப்பீடு வந்தால், குழியின் ஆழமும் அதில் கண்ட அடுக்குகளும் முதற் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்த பின்னரே அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறேன். அவ்வாறு பார்த்ததில் ஓர் ஊரில் நியாயவிலைக் கடையின் இடத்தையே இருநூறு அடி தள்ளிச் செவல் மேட்டிற்கு மாற்றிக்கொண்டனர். குழியைப் பார்த்து முடித்தால் அன்று மாலையே மூடிவிட வேண்டும். திறந்து கிடக்கும் குழியில் ஆடுகள் விழுந்துவிடுகின்றன.